மேல வீதியும் கீழ வீதியும்

மதுரையில் பிறந்து வளர்ந்தவன் வழி தவறிப் போவது அத்தனை எளிய காரியம் அன்று. கோயில் மதிலுக்குள்ளே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி. அதையும் சுற்றி மாசி வீதி. கடைசியாக, பழைய கோட்டை இருந்த இடத்தில் வெளி வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த பெட்டிகளைப் போல அமைந்த அந்த ஊரில், எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஏதேனும் ஒரு கோபுரம் வீட்டுக் கூரைகளுக்கு மேலே எட்டிப் பார்த்து, நாம் நிற்கும் திசையைச் சொல்லிவிடும். மேல மாசி வீதி என்றால் மேற்கே இருப்பது. கீழ மாசி வீதி என்றால் கிழக்கே இருப்பது. மேல், கீழ் என்னும் இரண்டு சொற்களுக்கும் உயரம், பள்ளம் என்று வேறு அர்த்தம் உண்டு என்பதை வீதிகளைப் பொறுத்தவரையில் ஒருநாளும் நினைத்துப் பாராமலே 22 வயது வரையில் காலத்தைக் கழித்துவிட்ட நான், 1955-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் எடின்பரோ நகரத்தில் போய் இறங்கினேன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பூகர்ப்ப சாஸ்திரம் படித்துத் தேறி, மேற்படிப்புக்காக அங்கே போனேன். பூமியின் வயதைக் கணக்கிட்ட முன்னோடிகளுள் ஒருவராகிய ஆர்தர் ஹோம்ஸ் அந்தச் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த காலம் அது. அவர் 1944-இல் வெளியிட்ட புத்தகத்தை எங்கள் வகுப்பில் ஒரே பிரதியாக வைத்துக்கொண்டு ஆள் மாற்றி ஆள் படித்திருந்தோம். பம்பாயில் கப்பலேறி டில்பரித் துறைமுகத்தில் இறங்கும் பிரயாணத்தைப் பற்றி எனக்கு முன்னே பலர் எழுதிவிட்டார்கள். கடலும் வாந்தியும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

வால்டர் ஸ்காட்டின் நாவல் ஒன்றின் பெயரைத் தாங்கிய வேவர்லி ரயில் நிலையம் இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் கிடக்கிறது. வண்டியை விட்டு இறங்கியவன், எந்த ஊரிலும் செய்வதுபோல, வாசலைத் தாண்டினால் தெருவுக்கு வந்துவிடலாம் என்று பெட்டியுடன் நடந்தேன். தெரு என் தலைக்கு மேலே இருந்தது. அதை அடைவதற்கு நீண்ட படிக்கட்டு ஒன்றில் ஏறவேண்டியிருந்தது. எதிரே இறங்கிவந்த காற்றோ, பெட்டியை ஒரு கையாலும் தொப்பியை மறு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறுகிறவனை முதல் படிக்கே திருப்பி அனுப்பிவிடுவதென்று தீர்மானித்ததுபோல் வீசியது. மேலே ஏறி மூச்சு வாங்கி நின்றபோது, அரக்குச் சிவப்பும் வெள்ளையும் பூசிய டிராம் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு வந்தது. சென்னையில் 1953-ஆம் ஆண்டு டிராம் நின்றுபோனபோது நண்பன் ஒருவனை இழந்ததுபோல் வருந்தியவன் ஆதலால், அந்த மணிச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. (அடுத்த ஆண்டே அங்கும் அதை நிறுத்திவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.)

எனக்கு ஏற்பாடாகியிருந்த அறை மார்ச்மாண்ட் என்ற பகுதியில் கல்லால் கட்டிய நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் இருந்தது. எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரே கல் படிக்கட்டு; அதை முறை வைத்துக் கழுவுவார்கள். வீட்டுக்கார அம்மாள் அறுபது வயதைக் கடந்த விதவை. கதவைத் திறந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்து, ஏதோ சொல்லி, முடிவில் ‘லாடி’ என்று சேர்த்தாள். ‘லேடி’ என்று என் காதில் விழுந்தது. என் நீண்ட கிராப்பைப் பரிகாசம் செய்கிறாளோ என்று மனம் சுருங்கி, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் அது ‘தம்பி’ என்று அழைப்பதற்குச் சமானம் என்பதை மூன்றாம் நாள் கல்லூரியில் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்ட பிறகுதான், அவள் சொன்ன வார்த்தைகளின் மற்ற பகுதியும் எனக்கு மெள்ள மெள்ள விளங்கத் தொடங்கியது.

அறையில் வாயு அடுப்பு ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் சுவரோடு ஒரு பெட்டி. அதன் வாயில் ஷில்லிங் போட்டால் அடுப்பு எரியும். காசு தீர்ந்தால் யாதொரு முன்னறிவிப்பும் இல்லாமல் ‘பக்’கென்று அணையும். இதை நான் பெரிதாகக் கருதவில்லை. ஸ்நானம் விஷயத்தில்தான் எனக்கும் அந்த அம்மாளுக்கும் கருத்து வேற்றுமை. வாரத்துக்கு இரண்டு தடவை வெந்நீர் என்பது வீட்டு நிபந்தனை. தினந்தோறும் வேண்டும் என்று நான் விண்ணப்பித்துக்கொண்டபோது, அவள் உண்மையான கவலையுடன் எனக்கு ஏதேனும் சரும வியாதி உண்டா என்று விசாரித்தாள். கடைசியில் மாநகராட்சிக் குளியலகத்தில் சில பென்னி கொடுத்துத் துவாலையும் வெந்நீர்த் தொட்டியும் வாங்கிக்கொள்வது என்று சமாதானம் ஏற்பட்டது. அங்கே தண்ணீரைத் திறக்கும் சாவி குளிப்பவனிடம் இராது, காவலாளியிடம் இருக்கும். தொட்டிக்குள் உட்கார்ந்தபடி அறையின் எண்ணைச் சொல்லி, ‘இன்னும் கொஞ்சம் சூடு’ என்று கதவுக்கு வெளியே நிற்பவனைக் கெஞ்ச வேண்டும். வைகையில் வெள்ளம் வராத மாதங்களிலும் மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் குளித்த எனக்கு, நம்பர் சொல்லிக் குளிப்பது ஒரு நூதன அநுபவமாகவே இருந்தது.

அவளுடைய காலை உணவைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓட்ஸ் நொய்யை முந்திய இரவே நீரில் ஊறப்போட்டு, விடிந்ததும் அடுப்பில் ஏற்றி, நம் ஊரில் களி கிண்டும் துடுப்புக்குத் தம்பி என்று சொல்லத்தக்க உருண்டையான மரக்குச்சி ஒன்றால் கட்டி தட்டாமல் கிண்டுவாள். சர்க்கரை கிடையாது; உப்புத்தான். லண்டனில் இரண்டு நாள் தங்கியிருந்தபோது அதே கஞ்சியைச் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்கள், விழுங்க முடியவில்லை. இங்கே முதல் கரண்டி வாயில் பட்டதுமே, என் தாயார் வெயில் காலத்தில் கரைத்துத் தரும் கேப்பைக் கூழ் நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு பச்சை மிளகாயும் இரண்டு சின்ன வெங்காயமும் இல்லாத குறைதான். ஒருநாள் அவளுக்குக் கை வலி என்று நான் குச்சியை வாங்கிக் கிண்டினேன். அவள் பதறிப்போய் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். நான் இடம் சுற்றிக் கிண்டிவிட்டேனாம். கஞ்சியை எப்போதும் வலமாகத்தான், சூரியன் போகும் போக்கிலேதான் கிண்ட வேண்டும். மாற்றிக் கிண்டினால் வீட்டுக்கு ஆகாது. நான் மறுவார்த்தை பேசாமல் பிரதட்சிணமாகக் கிண்டினேன். இத்தகைய விதியை மீறக்கூடிய துணிச்சல் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி வளர்ந்தவனுக்கு எப்படி வரும்?

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பிரின்ஸஸ் தெருவில் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தபோது தலைக்கு மேலே பீரங்கி வெடித்தது. நான் துள்ளிப்போய்ப் பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் போன நூற்றுக்கணக்கானவர்களில் வேறு யாரும் அசையவில்லை. கையில் பையுடன் என் அருகே நின்ற மூதாட்டி ஒருத்தி மாத்திரம் சாவதானமாகக் கைக்கடிகாரத்தைத் திருப்பிச் சரி செய்துகொண்டாள். கோட்டையிலிருந்து பகல் ஒரு மணிக்கு வெடிக்கும் அந்தப் பீரங்கி, லீத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்வதற்காக 1861-இல் ஏற்பட்டது. பன்னிரண்டு மணிக்கு வெடிக்காமல் ஏன் ஒரு மணிக்கு என்று கேட்டால், ‘பதினோரு குண்டு மிச்சம்’ என்று ஊரார் தங்கள் சிக்கனத்தைத் தாங்களே பரிகசித்துக்கொள்வார்கள். மதுரையில் ஹார்வி மில் சங்கை நம்பி உலை வைக்கும் வீட்டிலிருந்து வந்தவனுக்கு இது மிகவும் சௌகரியமாகப் போயிற்று. பீரங்கியைக் கேட்டால்தான் பசி எடுக்கும் என்ற நிலைமைக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டேன். அதன் பலனை ஞாயிற்றுக்கிழமை அநுபவித்தேன். மெடோஸ் என்ற புல்வெளியில், 1886-ஆம் ஆண்டுப் பொருட்காட்சியின் ஞாபகமாக நாட்டியிருந்த திமிங்கிலத் தாடையெலும்புத் தோரணத்தின் கீழே வெடிச் சத்தத்துக்காகக் காத்து உட்கார்ந்திருந்தேன். வரவே இல்லை. ஞாயிறன்று பீரங்கிக்கும் ஓய்வு, கடைகளுக்கும் ஓய்வு, ஊரே மூச்சடக்கிக் கிடந்தது. வீட்டுக்குத் திரும்பியபோது மணி இரண்டரை. என் சூப்பு ஆறி ஆடை கட்டியிருந்தது.

இரண்டாவது வாரத்தில் குளிர் அதிகமாயிற்று. சென்னையில் நம்பிக்கையோடு தைத்துக்கொண்டு வந்த கம்பளிக் கோட்டு அந்தக் காற்றுக்கு மல் வேஷ்டி போல இருந்தது. கௌகேட் என்ற தெருவில் பழைய உடுப்புகள் மலிவாகக் கிடைக்கும் என்று வீட்டுக்கார அம்மாள் சொன்னாள். கௌகேட் என்றால் மாடுகளை ஓட்டிச் செல்லும் வழி. நம் ஊரில் மாட்டுத்தாவணி என்று ஒன்று இருக்கவில்லையா? படம் ஒன்றை விரித்துப் பார்த்தேன். மெடோஸைக் கடந்து நேரே வடக்கே போனால் நான்காம் ஜார்ஜ் பாலம் என்ற சாலை வருகிறது. அதைக் கௌகேட் குறுக்கே வெட்டுகிறது. வெட்டும் இடத்தில் வலப்பக்கம் திரும்பினால் முடிந்தது காரியம். மதுரைக்காரனுக்கு இதுவும் ஒரு வழியா என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டு புறப்பட்டேன்.

படத்தின்படி இரண்டு தெருக்களும் வெட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் வந்து நின்றேன். ஒரு பக்கம் பொது நூல் நிலையம், இன்னொரு பக்கம் கட்டடங்கள், கௌகேட்டைக் காணவில்லை. அங்குமிங்கும் நான்கு தடவை நடந்தேன். எதிர்ப்பட்ட கிழவர் ஒருவரை விசாரித்தேன். அவர் சொன்ன நீண்ட வாக்கியத்தில் ‘டூன்’ என்ற ஒரு வார்த்தைதான் எனக்குப் பிடிபட்டது. கீழே என்பதற்கு அவர்கள் பாஷை. கீழே என்றால் கிழக்கே என்று என் மூளை தானாகவே மொழிபெயர்த்துக்கொண்டு, கிழக்கே நடக்கத் தொடங்கியது. அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாக அழைத்துக்கொண்டு போய், ஆள்காட்டி விரலால் என் பூட்ஸுக்கு நேர் கீழே காட்டினார்.

எட்டிப் பார்த்தேன். எனக்குக் கீழே, நம் ஊர் மூன்று மாடி உயரத்துக்குக் குறையாத ஆழத்தில், இன்னொரு தெரு ஓடிக்கொண்டிருந்தது. பீப்பாய் ஏற்றிய வண்டி ஒன்றைக் குதிரை இழுத்துப் போயிற்று. அதன் முதுகை நான் மேலிருந்து பார்த்தேன். ஒரு சிறுவன் ஓடினான். யாரோ ஜன்னலைத் திறந்து தண்ணீரைக் கொட்டினார்கள். அவர்களில் ஒருவராவது தலைக்கு மேலே வேறொரு தெரு போவதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நான் கடந்து வந்த நூல் நிலையமும் உண்மையில் அந்தப் பள்ளத்திலிருந்தே எழும்பியது. நான் தரைத்தளம் என்று எண்ணியது அதன் நடு மாடிதான். சற்றுக் கிழக்கே உள்ள தெற்குப் பாலம் இன்னும் பெரிய மாயம். 1788-இல் முடிந்த அதற்குப் பத்தொன்பது வளைவுகள். இரு மருங்கிலும் வீடுகளையும் கடைகளையும் நெருக்கிக் கட்டிவிட்டபடியால் ஒரே ஒரு வளைவுதான் கண்ணுக்குத் தெரிகிறது. பாலத்தின்மேல் நடக்கிறோம் என்பதே தெரியாமல் அதில் நான் பல தடவை நடந்து முடித்திருந்தேன்.

எஜமானனின் கல்லறையைக் காத்ததாகச் சொல்லப்படும் நாய்க்குச் சிலை வைத்திருக்கும் மூலை வரையில் திரும்பிப் போய், சரிவான தெரு ஒன்றில் இறங்கி, ஒருவாறு கடையைக் கண்டுபிடித்தேன். இராணுவத்தில் கழித்துவிட்ட ஓவர்கோட்டு ஒன்றை 30 ஷில்லிங்குக்கு, அதாவது நம் பணம் 20 ரூபாய்க்கு, வாங்கினேன். முன்னே அதை அணிந்தவன் என்னைவிட அரை அடி உயரமாக இருந்திருக்க வேண்டும். தரையைக் கூட்டும் கோட்டுடன் படியேறி வந்தபோது, வீட்டுக்கார அம்மாள் ஒன்றும் பேசாமல் ஊசிப்பெட்டியை எடுத்து வந்தாள்.

வழி தவறிய வெட்கம் பத்து நாள் என்னை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு ஒரு சனிக்கிழமை, உபாத்தியாயர் ஒருவர் எங்களை ஸாலிஸ்பரிப் பாறைகளுக்கு அழைத்துச் சென்றார். ஊருக்குள்ளேயே ஒரு மலை! 823 அடி உயரமுள்ள ஆர்தர் ஆசனம் என்ற அந்த மலை, என்றோ அணைந்த எரிமலை. அதன் மேற்குப் பக்கத்தில் சுவர்போல் நிற்பவை அந்தப் பாறைகள். அடிவாரத்தில் ஓரிடத்தில் படிவுக்கல் அடுக்குகளின் ஊடே கரும்பாறை நுழைந்து, ஒரு துண்டைப் பெயர்த்துத் தூக்கி அப்படியே உறைந்து நிற்கிறது. இந்தக் கரும்பாறை நீரில் படிந்தது அன்று, உருகிய குழம்பாகக் கீழிருந்து பாய்ந்து புகுந்தது என்று அந்த ஊர்க்காரராகிய ஜேம்ஸ் ஹட்டன் கண்டு சொன்னார். அவருடைய சித்தாந்தத்தை 1785-இல் எடின்பரோ ராயல் சொஸைட்டியில் படித்தார்கள். மாநிலக் கல்லூரிக் கரும்பலகையில் சாக்குக் கட்டியால் வரைந்து பார்த்த இடத்தைக் கையால் தொட்டபோது, திருத்தலத்தில் நிற்பவனைப் போலத்தான் நின்றேன். ஆனால் அன்றைக்கு நான் பெற்ற பாடம் அந்தக் கல்லில் இல்லை.

உபாத்தியாயர் எங்களைத் திருப்பி ஊரைப் பார்க்கச் சொன்னார். புகை மூட்டத்தினிடையே நகரம் பக்கவாட்டில் தெரிந்தது. மேற்குக் கோடியில் கோட்டை நிற்கும் செங்குத்தான பாறை. அதுவும் ஓர் எரிமலையின் அடைப்புக்கல். அங்கிருந்து கிழக்கே ஹோலிரூட் அரண்மனை வரையில், ஒரு மைலுக்குச் சற்று அதிகமாக, பல்லியின் வாலைப் போலப் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே வரும் ஒரு மேட்டு முதுகு. ‘பனிக்கட்டி மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்தது; கடினமான கோட்டைப் பாறை அதற்கு வழிவிடவில்லை; பாறையின் இரு பக்கத்திலும் பனி பள்ளம் பறித்துக்கொண்டு போயிற்று; பாறையின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிய மென்மையான கல் மட்டும் வாலாக மிஞ்சிற்று’ என்றார். வாலின் உச்சியில் உயர் வீதி. தெற்குப் பள்ளத்தில் கௌகேட். வடக்குப் பள்ளத்தில் முன்பு ஏரி, இப்போது நான் பெட்டியுடன் வந்து இறங்கிய ரயில் நிலையம். பள்ளத்தைத் தாண்டுவதற்குப் பாலம் கட்டினார்கள். பாலத்தின்மேல் தெரு வைத்தார்கள். என்னை ஏமாற்றியது படம் போட்டவன் அல்லன்; பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உருகிப்போன பனி.

மற்றவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்க, நான் வேறொன்றை நினைத்துக்கொண்டு நின்றேன். அந்த வீதியின் மேற்குக் கோடி மேலே இருக்கிறது. கிழக்குக் கோடி கீழே இருக்கிறது. மேற்கே மலைத்தொடரும் கிழக்கே கடலும் உள்ள நம் நாட்டில்தான் மேல் என்பது மேற்காகவும் கீழ் என்பது கிழக்காகவும் ஆயிற்று என்று, கிளாஸ்கோவில் படித்துத் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த கால்டுவெல் எழுதியிருக்கிறார். பரீட்சைக்காகப் படித்து மறந்துபோன விஷயம். வைகை ஓடுவதும் அந்தப் போக்கிலேதான். நான் பிறந்த வீதியின் பெயருக்குள்ளேயே ஒரு சரிவு இருந்திருக்கிறது. அதைக் காட்டுவதற்கு ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பாறை வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் எனக்கு வழி தவறவே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். தவறினாலும் வெட்கம் தோன்றவில்லை என்பது மெய்.

கோட்டைக்குப் போகும் வழியில் ‘அவுட்லுக் டவர்’ என்றொரு கோபுரம் உண்டு. அதன் உச்சியில் இருட்டறை. அதன் நடுவே குழிந்த வெள்ளை மேஜை. கூரையிலுள்ள கண்ணாடியும் லென்ஸும் வெளி உலகத்தை அப்படியே அந்த மேஜையின்மேல் கொண்டுவந்து கொட்டுகின்றன. டிராம் ஓடுகிறது, புகை அசைகிறது, சத்தம் மாத்திரம் இல்லை. ஒரு காகிதத் துண்டை மேஜைமேல் நீட்டினால், தெருவில் நடந்துபோகிற மனிதன் அதில் ஏறி நடக்கிறான். 1892-இல் இந்தக் கோபுரத்தை எடுத்துக்கொண்டு ஊரைப் படிக்கும் பாடசாலையாக ஆக்கியவர் பாட்ரிக் கெட்டீஸ் என்னும் அறிஞர். உயர் வீதிப் பக்கத்தில் பாழடைந்த அடுக்கு வீடுகளை இடிக்காமல் பழுதுபார்த்து, தாமே மனைவியுடன் அங்கே குடியிருந்து காட்டியவர். சென்னை கவர்னர் பெண்ட்லண்டு பிரபு அழைத்ததன்பேரில் அவர் நம் நாட்டுக்கு வந்தார். நகரங்களைப் பற்றி அவர் சேர்த்திருந்த படங்களெல்லாம் தனிக் கப்பலில் வந்தபோது, 1914-இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் அந்தக் கப்பலை மூழ்கடித்துவிட்டது. மனிதர் மனம் தளராமல் வேறு படங்களைச் சேகரித்து மறு ஆண்டே சென்னையில் கண்காட்சி நடத்தினார். மதுரைக்கும் ஓர் அறிக்கை எழுதினார். கோயிலைச் சுற்றி அமைந்த நம் ஊர்களைக் கண்டு அவர் மிகவும் மகிழ்ந்தவர். ‘எம்டன்’ என்று நாம் யாரையோ திட்டும்போதெல்லாம் ஒரு நல்ல மனிதரின் உழைப்பு கடலடியில் கிடப்பது யாருக்கு நினைவு வருகிறது!

இவற்றையெல்லாம் விஸ்தாரமாக எழுதி, மேல் வீதி கீழ் வீதிகளுக்குப் படமும் வரைந்து தகப்பனாருக்கு அனுப்பினேன். அவர் நகரசபையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. எம்டன் குண்டு போட்ட சமயத்தில் சென்னையிலிருந்து உறவினர்கள் மூட்டை முடிச்சுகளுடன் வந்து எங்கள் வீட்டுத் திண்ணையை அடைத்துக்கொண்டதும், அடுத்த வருஷம் தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர் வெயிலில் வீதி வீதியாகச் சுற்றியதைத் தாம் சிறுவனாகப் பார்த்ததும் ஞாபகம் இருப்பதாக எழுதியிருந்தார். அவர்தான் கெட்டீஸ் என்று நான் சாதிக்க மாட்டேன்; தாடி வைத்த வெள்ளைக்காரர் வேறு பலரும் உண்டு. கடிதத்தின் ஓரத்தில், குறுக்காகத் திருப்பி, ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘தெருவுக்கு மேல் தெரு, வீட்டுக்கு மேல் வீடு என்று எழுதியிருக்கிறாயே, அத்தனை மாடிக்கும் தண்ணீர் யார் சுமக்கிறார்கள் என்று உன் தாயார் கேட்கச் சொல்லுகிறாள்.’

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது என்பதற்கு மேல் நான் யோசித்ததில்லை. வீட்டுக்கார அம்மாளிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் தைத்துக்கொண்டிருந்த கோட்டை மடியில் வைத்துவிட்டு என்னை ஒருவிதமாகப் பார்த்தாள். அவளுடைய பாட்டி காலத்தில், பழைய ஊரில், தண்ணீர் சுமப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்களாம். ஆணும் பெண்ணும் முதுகில் சிறு பீப்பாயைக் கட்டிக்கொண்டு, தெருக் கிணற்றடியில் வரிசை நின்று பிடித்து, சுழல் படியில் ஏறி மாடி மாடியாக ஊற்றிவிட்டு இறங்குவார்களாம். ‘உன் அம்மாவும் சுமக்கிறாளா?’ என்று கேட்டாள். சுமக்கிறாள் என்றேன், கோடையில் குழாய் நின்றால் இரண்டு தெரு தாண்டிப் போய், இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நீளம் குறைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு உயர் வீதிக்குப் போனேன். கிணறு என்று அவள் சொன்னவை உண்மையில் கல்லால் கட்டிய தொட்டித் தூண்கள். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காமிஸ்டன் ஊற்றுகளிலிருந்து குழாய் பதித்து, வீதியின் மேல் கோடியில், அவுட்லுக் டவருக்குச் சில அடி தூரத்தில், தண்ணீரைத் தேக்கி, அங்கிருந்து சரிவிலேயே இவற்றுக்கு ஓடவிட்டிருக்கிறார்கள். காட்சி பார்க்கப் போன அன்று அந்த நீர்த்தேக்கத்தைக் கடந்துதான் நடந்திருந்தேன். ஆட்கள் நடமாட்டம் இல்லை. ஒரு தூணின் அருகே நின்று, எதிரேயிருந்த வீட்டின் ஜன்னல் வரிசைகளை உச்சி வரையில் எண்ணினேன். ஏழு. அம்மாவுக்கு அதை எழுதினேன்.